ஆறப் பொறுத்த அச்சு

ஜூன், ஜூலை வந்தால் சித்தூர் முழுக்க மாம்பழ வாசனைதான். கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டர்களும் மினி லாரிகளும் நாள் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் ஒரே பழம்தான், கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த தோத்தாபுரி. என் பெரியப்பா மகன் அங்கே ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சீசனில் தோப்பிலிருந்து தொழிற்சாலைக்கு மாங்காய் ஓட்டுவார். சீசன் முடிந்தால் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் என்ன சரக்கு கிடைக்கிறதோ அது.

போன சீசன் முடிந்த மறுநாள் வண்டியைக் கழுவும்போதுதான் அண்ணன் பின்சக்கரங்களைக் கவனித்தார். டயர் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெளிப்பக்கம் கட்டம் கட்டமாகப் பள்ளங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. உள்பக்கமோ மொட்டை. இடது டயரும் அப்படி, வலது டயரும் அப்படி.

"காத்து கம்மியா இருந்திருக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்த மாதிரி.

"காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயணுமே சித்தப்பா. இது உள்பக்கம் மட்டும்தானே தேஞ்சிருக்கு?" என்றாள் அண்ணன் மகள். ஏழாம் வகுப்பு. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. மூவரும் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறை மேஸ்திரியிடம் போனோம்.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்த ஊர் அப்படி. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960-இல் திருத்தணிப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. பேச்சு மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் இரண்டிலும் ஒவ்வொரு காலை வைத்து நிற்கிறது. அண்ணன் மகள் அவரை 'தாத்தா' என்றாள். அதில் ஒரு வசதி, இரண்டு மொழியிலும் தாத்தா தாத்தாதான்.

தாத்தா டயரைக் கையால் தடவிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. கேட்டது ஒரே கேள்வி: "பின்னாடி ஆக்சில்ல யாராவது வெல்டிங் வெச்சாங்களா?"

அண்ணன் திகைத்துப்போனார். வைத்தது உண்மை. சீசன் தொடக்கத்தில், நெடுஞ்சாலையோரம் ஒரு பட்டறையில்.

டயர் தேய்ந்ததைப் பார்த்து வெல்டிங்கைக் கண்டுபிடிக்க முடியுமா? துப்பறியும் கதையில் வருகிறவர் செருப்பு மண்ணைப் பார்த்து ஊரைச் சொல்வதுபோல இருக்கிறது அல்லவா? தாத்தா எப்படிக் கண்டுபிடித்தார் என்பது புரிய, முதலில் வண்டிக்கு அடியில் போவோம்.

ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைத்துக் குறுக்காக ஒரு தடித்த குழாய் போகும். நடுவில் மட்டும் வீங்கியிருக்கும், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி. இதற்குப் பட்டறைப் பெயர் ஹவுசிங். அச்சுக்கு வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். எலி இருக்கிற இடத்தில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு எஃகுத் தண்டுகள் குழாய்க்குள்ளேயே போய்ச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. குழாய் சுற்றாது, உள்ளே இருக்கும் தண்டுதான் சுற்றும். குழாயின் வேலை இரண்டு. வண்டிப் பாரத்தைத் தாங்க வேண்டும், இரண்டு சக்கரமும் நேராகப் பார்த்து நிற்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழாயின்மேல் அங்கங்கே காது மாதிரி இரும்புத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் பிராக்கெட்டுகள். பட்டை ஸ்பிரிங் உட்கார ஒன்று, பிரேக் குழாயைப் பிடிக்க ஒன்று, குலுக்கலை அடக்கும் 'ஷாக்கு' மாட்ட ஒன்று. அண்ணன் வண்டியில் விரிசல் விட்டது ஷாக்கு பிராக்கெட். குழாயின் பின்முகத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அளவுக்கு மீறி மாங்காய் ஏற்றினால் வேறு என்ன ஆகும்? நெடுஞ்சாலைப் பட்டறையில் அரைமணி நேரத்தில் இரண்டையும் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். "நல்ல கனமா வெச்சிருக்கேன், இனிமே விடாது" என்றாராம் அந்தப் பட்டறைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. பிராக்கெட் விடவே இல்லை.

தாத்தா வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஒவ்வொரு டயரையும் சுற்றிவிட்டு, நடுவில் சாக்பீஸை அசையாமல் பிடித்து ஒரு கோடு போட்டார். டேப்பின் ஒரு முனையை அண்ணன் மகளிடம் கொடுத்தார். டயர்களின் முன்பக்கத்தில், அச்சின் உயரத்தில், இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓர் அளவு. பின்பக்கத்தில் அதே உயரத்தில் இன்னோர் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. முன்பக்கம் 4 மில்லிமீட்டர் அதிகம்.

அதாவது ஒவ்வொரு சக்கரமும் 2 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் நடக்கும்போது பாதங்கள் வெளியே பார்க்குமே, அப்படி.

"ரெண்டு மில்லிதானே!" என்றேன். நானும் திருந்துகிற ஆளில்லை.

அண்ணன் மகள் நோட்டை எடுத்தாள். டயரின் குறுக்களவு சுமார் 70 சென்டிமீட்டர், அதாவது 700 மில்லிமீட்டர். 700-க்கு 2 மில்லிமீட்டர் கோணல். அப்படியானால் 1 மீட்டர் முன்னே போவதற்குள் டயர் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே இழுபடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 மீட்டர். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். ஒரு தடவை போனால் 200 மீட்டர் தூரம் டயரைத் தார்ச்சாலையில் வைத்து ரப்பரால் அழிப்பதுபோலத் தேய்த்தாகிவிட்டது. டயரும் ரப்பர்தானே!

அண்ணன் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாய் வளைந்திருக்கிறது, அது சரி. பற்றவைத்த சூட்டில் வளைந்தது, அதுவும் சரி. ஆனால் எந்தப் பக்கம் வளைந்தது? அண்ணன் மகள் மாட்டிக்கொண்டது இங்கேதான். நீங்களும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சூடுபட்டால் இரும்பு நீளும் என்று படித்திருக்கிறோம். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி ஒவ்வொரு 100 டிகிரிக்கும் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். குழாயின் பின்முகத்தில் சூடுபட்டது. ஆகவே பின்முகம் நீள வேண்டும். பின்முகம் நீண்டால் குழாய் வில்போல வளைந்து, இரண்டு முனைகளும் முன்பக்கம் போக வேண்டும். அப்படியானால் சக்கரங்கள் உள்ளே பார்த்திருக்க வேண்டும். ஆனால் நாம் அளந்ததோ நேர் எதிர். முனைகள் பின்பக்கம் போயிருக்கின்றன. பின்முகம் நீளவில்லை, சுருங்கியிருக்கிறது!

"புஸ்தகத்துல தப்பா போட்டிருக்காங்களா தாத்தா?"

"புஸ்தகம் சரிதான்மா. நீ பாதிதான் படிச்சிருக்கே. சூடு ஏறினதைச் சொன்னே. ஆறினதைச் சொல்லலியே?"

திருமலையில் தரிசன வரிசையில் நின்றிருக்கிறீர்களா? கம்பித் தடுப்புக்குள், முன்னால் இருப்பவர் முதுகில் நம் மூக்கு இடிக்க நிற்போமே, அந்த வரிசைதான். அதில் நடுவில் நிற்கும் பத்துப் பேருக்கு மட்டும் திடீரென்று உடம்பு பெருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர்கள் நகரமாட்டார்கள், பின்னால் இருப்பவர்களும் நகரமாட்டார்கள். பத்துப் பேரும் என்ன செய்வார்கள்? நீளவாக்கில் இடமில்லாததால் பக்கவாட்டில் பிதுங்குவார்கள், கொஞ்சம் மேலேயும் எக்குவார்கள். பிறகு பெருத்த உடம்பு பழையபடி வற்றுகிறது. பிதுங்கினவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போவார்களா? போகமாட்டார்கள். பக்கத்துக்கு நகர்ந்தவர் நகர்ந்தவர்தான். வரிசையில் இப்போது ஓர் இடைவெளி. எல்லோரும் கைகோத்து நிற்பதால், அந்த இடைவெளி முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் உள்ளே இழுக்கும். வரிசை முன்பைவிடக் குட்டையாகிவிடும்.

இரும்பிலும் இதேதான் நடக்கிறது. வெல்டிங் ராடு நுனியில் பாயும் ஆர்க் பொறியின் வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேலே. எஃகு 1,500 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். உருகிய இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு செக்கச்சிவந்து களிமண் மாதிரி இளகிவிடும். அது நீளப் பார்க்கிறது. சுற்றி இருக்கும் குளிர்ந்த இரும்போ கல் மாதிரி நிற்கிறது, வழி விடுவதில்லை. ஆகவே இளகிய இரும்பு நீளாமல் தடிக்கிறது. அப்புறம் ஆறுகிறது. ஆறும்போது இரும்பு சுருங்கியே தீரும், அதை யாராலும் தடுக்க முடியாது. நீளும்போது நீள விடவில்லை, சுருங்கும்போது மட்டும் சுருங்குகிறது. கூட்டிக் கழித்தால் முன்பு இருந்ததைவிடக் குட்டை. அதுவும் இப்போது இறுகிப் பலம் வந்த இரும்பு, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும்.

எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குழாயின் தடிமன் சுமார் 9 சென்டிமீட்டர். சக்கரம் 700-க்கு 2 என்ற கோணத்தில் திரும்ப வேண்டுமானால், குழாயின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கால் மில்லிமீட்டர் குட்டையானால் போதும். உங்கள் நோட்டுத் தாள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் இரண்டு டயரையும் தின்றது.

இன்னொரு கேள்வியையும் அண்ணன் மகள் விடவில்லை. "அப்போ வெயில்லயே வளைஞ்சிடுமே? இங்க மே மாசத்துல எப்படி காயும்!" நல்ல கேள்வி. வெயிலில் குழாய் முழுவதும் ஒன்றுபோலச் சூடாகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு நீளும், சாயங்காலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்கும். யாரும் யாரையும் தடுக்கவில்லை, அதனால் சண்டையும் இல்லை, கோணலும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் ஏறுகிற சூடுதான் ஆபத்து.

ஆறும்போது இழுக்கும் இந்தக் குணம் கெட்ட குணமா? தாத்தாவின் அப்பாவைக் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார். அவர் மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர். மரச்சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை. இத்தனை மரத்துண்டுகளையும் ஆணியில்லாமல் இறுக்கிப் பிடிப்பது வெளியே போடும் இரும்புப் பட்டைதான். அந்தப் பட்டையை வேண்டுமென்றே சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்வார்கள். தரையில் வறட்டியை வட்டமாக அடுக்கி, நடுவே பட்டையைப் புதைத்து நெருப்பு வைப்பார்கள். ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.7 மீட்டர். 500 டிகிரி சூடேறினால் பட்டை சுமார் 3 சென்டிமீட்டர் நீளும். நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் போடுவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கத் தொடங்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும், அதற்கு நடுவே மரம் 'நறுக் நறுக்' என்று நெரிபடும் சத்தம் கேட்கும். பட்டை சுருங்கி, ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்துகிற சத்தம் அது.

தாத்தா அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். எனக்கு அந்த நாளில் மிகப் பிடித்தது அதுதான்.

பாரிஸில் இன்னும் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே தொழிற்கலை அருங்காட்சியகம் ஒன்றின் சுவர்கள் வெளிப்பக்கம் சாயத் தொடங்கின. மோலார் என்ற பொறியாளர் இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்புக் கம்பிகளைக் குறுக்கே விட்டார். சுவருக்கு வெளியே கம்பி நுனியில் தட்டும் திருகும் பொருத்தினார். கம்பியைச் சூடேற்றினால் நீளும். நீண்டதும் திருகை இறுக்கிவிட்டு ஆறவிட்டார். கம்பி சுருங்கும்போது சுவரையே உள்ளே இழுத்தது. கம்பிகளை மாற்றி மாற்றிச் சூடாக்கி, மறுபடி மறுபடி இறுக்கி, சுவரை நிமிர்த்திவிட்டார்கள். ஒரு கட்டடத்தையே இழுக்கிற பலம் உள்ள ஆறுதல், ஒரு பிக்கப் வண்டியின் குழாயை விட்டுவைக்குமா?

சரி, வளைந்ததை நிமிர்த்த வேண்டும், பிராக்கெட்டை மறுபடி வளையாமல் வைக்க வேண்டும். தாத்தா முதலில் எண்ணெயை வடித்தார். பிரேக் குழாயைக் கழற்றினார். தண்டுகளையும் நடுவில் இருந்த பல்சக்கரங்களையும் உருவிவிட்டு ஹவுசிங்கை வெறும் குழாயாக்கி மேடையில் வைத்தார். பழைய கனத்த வெல்டிங்கை கிரைண்டரால் அறுத்து எடுத்தார்.

பிறகு மூலையில் சாக்கு சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை வெளியே எடுத்தார். பாதுகாத்து வைத்திருந்த விதத்தைப் பார்த்து நான் வீணையோ என்று நினைத்தேன். அது நேரான, மழுமழுவென்று லேத்தில் கடைந்த ஓர் எஃகு உருளை. ஹவுசிங்கைவிட நீளம். குழாயின் இரண்டு முனையிலும் நடுவிலும் பேரிங் உட்காரும் இடங்களில் வளையங்களை மாட்டி, அவற்றின் வழியாக இந்த உருளையை உள்ளே தள்ளினார். குழாய் நேராக இருந்தால் அது கையாலேயே வழுக்கிக்கொண்டு மறுமுனை வரை போக வேண்டும். பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் மகள் தள்ளிப் பார்த்தாள். ம்ஹூம்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எங்களுக்குக் கண் பிதுங்கிவிட்டது. வளைந்த குழாயைச் சம்மட்டியால் அடிக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவரோ கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, குழாயின் முன்முகத்தில், பழைய வெல்டிங்குக்கு நேர் எதிரே, எட்டணா அளவு ஒரு வட்டத்தை மட்டும் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினார். சுமார் 600 டிகிரி இருக்கும். நிறத்தைப் பார்த்தே சொல்வார். சூடாக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறியது. முன்முகமும் கொஞ்சம் சுருங்கியது. பின்முகம் சுருங்கி வளைந்த குழாய், முன்முகமும் சுருங்கியதால் நிமிர்ந்தது! முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான். இடமும் வலமுமாக மூன்று நாலு பொட்டுச் சூடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே உருளையைத் தள்ளிப் பார்ப்பார். கடைசியில் அது 'சர்ர்' என்று மறுமுனையில் தலைகாட்டியது.

ஆனால் தாத்தா அதோடு நிறுத்தவில்லை. இன்னும் ஒரு பொட்டு வைத்து, குழாயை எதிர்ப்பக்கம் தலைமுடி அளவு வளையவிட்டார். "இப்போ பின்னாடி வெல்டிங் வெச்சா கொஞ்சமாவது இழுக்கும். அந்த இழுப்புக்கு இப்பவே இடம் விட்டு வெக்கறேன்." பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும் என்று தெரிந்த தையற்காரர் பாவாடையை ஒரு விரல் நீளமாகவே தைப்பார் அல்லவா? அதே கணக்கு.

இனிதான் வெல்டிங். அண்ணன் மகளைத் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். ஆர்க் வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். அதிலிருக்கும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடுவதுதான் காரணம். தெருவில் யாராவது வெல்டிங் வைத்தால் நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

உருளை குழாய்க்குள்ளேயே இருந்தது. பிராக்கெட்டுகளை இடுக்கில்லாமல் பொருந்தும்படி அரத்தால் ராவினார். இடுக்கு இருந்தால் அதை நிரப்ப அதிகம் உருக்க வேண்டும். உருக்கியது எவ்வளவோ அவ்வளவு இழுக்கும். இரண்டு பிராக்கெட்டுக்கும் நாலு நாலு மூலையில் 'டாக்' அடித்தார். நெற்றிப் பொட்டு மாதிரி ஒரு சொட்டு, அவ்வளவுதான். பிறகு இடது பிராக்கெட்டின் மேல்விளிம்பில் ஒரு கட்டைவிரல் அகலம் பற்றவைத்தார். உடனே நிறுத்திவிட்டு வலது பிராக்கெட்டுக்குப் போய்க் கீழ்விளிம்பில் ஒரு கட்டைவிரல். நிறுத்தம். கரியைத் தட்டி, உருளையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தது வைங்க தாத்தா!"

"ஆகு, ஆகு."

நம் காதுக்கு இது 'ஆகட்டும்' மாதிரி கேட்கும். தெலுங்கில் 'ஆகு' என்றால் 'நில்'. அவள் ஆவலோடு எழுந்து நின்றாள், அவர் அசையவே இல்லை. இரண்டு மூன்று தடவை இந்தக் குழப்பம் நடந்தது.

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை' என்று சோற்றுப் பானைக்குச் சொன்ன பழமொழி வெல்டிங் பட்டறைக்கும் பொருந்தும். ஒரே மூச்சில் வைத்தால் சூடு மேல் சூடு ஏறி, சிவந்த பகுதி விரல் அகலத்திலிருந்து கை அகலமாகிவிடும். அவ்வளவும் ஆறும்போது இழுக்கும். துண்டு துண்டாக வைத்து ஆறவிட்டால், ஒவ்வொரு தடவையும் சுற்றியுள்ள குழாய் குளிர்ந்து விறைப்பாக இருக்கும், இழுப்புக்கு ஈடு கொடுக்கும். புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, தொட முடிகிற சூடு வந்த பிறகுதான் அவர் அடுத்த துண்டு வைத்தார். ஒரு பிராக்கெட்டுக்கு எட்டுத் துண்டு, இரண்டுக்கும் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்றால் 160 நிமிடம். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் எடுத்த வேலை!

"தண்ணி ஊத்தினா சீக்கிரம் ஆறிடுமே? உங்க அப்பா சக்கரத்துக்கு ஊத்தினாரே?"

தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சக்கரப் பட்டையில் ஆரக்கால்களை அழுத்துகிற இழுப்புதான் வேண்டும், அங்கே தண்ணீர் நல்லது. இங்கே வெல்டிங்கை ஒட்டிய எஃகு பொசுக்கென்று குளிர்ந்தால் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். கடினமானது வளையாது, விரிசல் விடும். மாங்காய் பாரத்தோடு விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேறு எங்கோ பார்த்தார்.

பற்றவைக்கும் வேலை பெரிய அளவில் நடக்கிற இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஆக்சில்ஸ் இந்தியா லாரிகளுக்கான ஹவுசிங்குகளையே செய்கிறது. ஸ்ரீசிட்டியில் 2016-இல் இசுசு நிறுவனத்தின் பிக்கப் வண்டித் தொழிற்சாலையைத் திறந்தார்கள். அப்போது அது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது அங்கே போய்விட்டது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இலிருந்து இருக்கிறது, பற்றவைப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே. பெரிய தொழிற்சாலையில் முக்காலி போட்டுக் காத்திருக்க நேரம் ஏது? அங்கே ஹவுசிங்கை அசையவிடாத கனத்த பிடிகளில் மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இயந்திரக் கைகளால் பற்றவைப்பார்கள். இந்தப் பக்க இழுப்பும் அந்தப் பக்க இழுப்பும் கயிறு இழுக்கும் போட்டியில் சமமான அணிகள் மாதிரி நின்றுவிடும். அப்படியும் மிஞ்சுகிற கோணலுக்காக, பேரிங் உட்காரும் இடத்தை வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் கடைவார்கள். கடைசியில் கடைந்தால் அதுதான் நேர். தாத்தாவிடம் கடைகிற வசதி இல்லை, பொறுமைதான் இருந்தது.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க நெருப்பே வேண்டாம், பசை போதும். பழைய நோட்டு அட்டையிலிருந்து ஓர் அங்குல அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். முதல் பட்டையின் ஒரு முகத்தில் மைதாப் பசையைக் கனமாக, நீளமாகத் தடவுங்கள். கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் பசைப்பக்கம் ஊறி நீளும், பட்டை பசைக்கு எதிர்ப்பக்கம் வளையும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். பசை காய்ந்து சுருங்கி, பட்டை பசைப்பக்கமே சுருண்டிருக்கும். வெல்டிங்கிலும் சூடாக இருக்கும்போது ஒரு வளைவு, ஆறிய பிறகு எதிர்வளைவு. அண்ணன் மகள் குழம்பியது இந்த முதல் வளைவோடு கணக்கை நிறுத்திக்கொண்டதால்தான். இரண்டாவது பட்டையில் பசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, இந்த முகத்தில் ஒன்று, காய்ந்த பிறகு அந்த முகத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். எவ்வளவு வளைகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அப்பளம் காயப்போடும் பாட்டி வீட்டில் இருந்தால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள், ஏன் அடிக்கடி திருப்பிப் போடுகிறார் என்று.

எல்லாம் மாட்டி முடிக்க மறுநாள் ஆகிவிட்டது. தாத்தா டயரில் மறுபடி சாக்பீஸ் கோடு போட்டார். டேப்பின் முனை மறுபடி அண்ணன் மகள் கையில். முன்பக்க அளவைப் படித்தாள், பின்பக்க அளவைப் படித்தாள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

"இன்னும் அரை மில்லி இருக்கு தாத்தா."

"அது டேப்பைப் பிடிச்ச கையோடது" என்றார் அவர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கையை ஜீன்ஸில் துடைத்துவிட்டு, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள். அண்ணன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஆகு, நைனா" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.